நைனாவையும் அம்மாவையும் ஆளுக்கொரு வீட்டில் பிரிக்க வேண்டாம்

வேலூர் மாவட்டம் குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, வேலைக்காகப் பெங்களூருக்குப் போய்விட்ட 46 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். சுருக்கித் தருகிறேன்.

அப்பாவுக்கு 79 வயது. வீட்டில் எல்லோரும் நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு 73. பதினெட்டு வருடமாகச் சர்க்கரை, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். இருவரும் பழைய மெத்தை வீட்டில் தனியாக இருக்கிறார்கள். கழிவறை தோட்டத்துப் பக்கம். பின்வாசலில் நான்கு படி இறங்கிப் போக வேண்டும். போன மார்கழியில் விடிகாலை மூன்று மணிக்கு ஒன்றுக்குப் போக எழுந்த நைனா அந்தப் படியில் விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டு முறிந்தது. புத்தூர் கட்டுப் போட்டு, இப்போது கை சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு யாரும் அவரை வெளியே நடக்க விடுவதில்லை. இதற்கிடையில் அம்மா இரண்டு முறை பாலை அடுப்பில் வைத்து மறந்திருக்கிறார். பால்காரருக்கு ஒரே மாதத்துப் பணத்தை இரண்டு தடவை கொடுத்திருக்கிறார்.

சென்னையில் இருக்கும் அண்ணன் கூடத்திலும் படுக்கையறையிலும் கேமரா மாட்டினார். நைனா அதன்மேல் துண்டைப் போட்டு மூடிவிடுகிறார். கடைசியில் அண்ணனும் தங்கையும் எடுத்திருக்கும் முடிவு இது: நைனா சென்னைக்கு, அம்மா பெங்களூருக்கு, வீட்டைப் பூட்டிவிட்டு, அதை அண்ணன் பெயருக்கு, உயிரோடு இருக்கும்போதே சொத்தை மாற்றித் தரும் செட்டில்மென்ட் பத்திரமாக எழுதி வாங்கிக்கொள்வது. நைனா மறுக்கிறார். “சிரசு பார்க்காம நான் ஒரு வருஷம்கூட இருந்ததில்ல. என்னை இங்கியே விடுங்க” என்கிறார். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவைத்தான் சொல்கிறார். “இது பிடிவாதம்தானே டாக்டர்? அவர்களை அங்கேயே விட்டுவைத்தால் நான் பொறுப்பில்லாத மகளா?” என்று கேட்டு முடித்திருக்கிறார்.

சகோதரி, முதலில் உங்களுடைய அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. மாத்திரை அட்டைகளைப் படம் எடுத்து, படிகளை எண்ணி, பால்காரர் சொன்னதையும் விடாமல் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். பொறுப்பில்லாத மகள் இப்படி எழுத மாட்டாள். நீங்கள் பயந்து போயிருக்கிறீர்கள். அந்தப் பயத்தில் எல்லாவற்றையும் ஒரே முடிவில் தீர்த்துவிடப் பார்க்கிறீர்கள்.

“வீட்டில் இருப்பதா, நம்மோடு வருவதா” என்று கேட்டால் சண்டைதான் மிஞ்சும். எந்த இடத்தில், எந்த நேரத்தில், எதனால் ஆபத்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. வீடு முழுவதும் ஆபத்தாக இல்லை. கட்டிலிலிருந்து தோட்டம் வரை ராத்திரியில் நடக்கும் அந்த இருபது அடி ஆபத்து. அடுப்படியும் கொஞ்சம் ஆபத்து. இந்த இரண்டையும் சரி செய்ய முடியுமா என்று பார்க்காமலே வீட்டைப் பூட்டுவது அவசரம்.

நைனா ஏன் விழுந்தார்?

“வயசாயிடுச்சு, விழுந்துட்டார்” என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். வயது மட்டுமே காரணம் என்றால் பகலிலும் விழுந்திருப்பார்.

நீங்கள் அனுப்பிய படத்தில் ராத்திரி மாத்திரைகள் மூன்று இருக்கின்றன. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின். புராஸ்டேட் வீக்கத்துக்கு, சிறுநீர் தடையில்லாமல் போக, டாம்சுலோசின். மூன்றாவது, தூக்கம் வரவில்லை என்று மெடிக்கலில் அவரே கேட்டு வாங்கிய அல்பிரசோலம். முதல் இரண்டும் படுத்திருப்பவர் சட்டென்று எழும்போது ரத்த அழுத்தத்தைக் கீழே இறக்கக் கூடியவை. டாம்சுலோசினுக்கு அந்தக் குணம் நன்றாகவே உண்டு. மூன்றாவது மாத்திரை தள்ளாட்டம் கொடுக்கும். காலை எங்கே வைக்கிறோம் என்ற கவனத்தையும் குறைக்கும். முதியவர்களுக்கு நாங்கள் கூடுமானவரை தவிர்க்கும் மருந்து அது. மார்கழிக் குளிரில் சிறுநீர் அடிக்கடி வரும். இருட்டு, நாலு படி, பனியில் நனைந்த கல். இத்தனையும் ஒன்று சேர்ந்துதான் அவரைத் தள்ளிவிட்டன.

ஊருக்குப் போகும்போது பி.பி. பார்க்கும் மெஷின் ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். நைனாவை ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு அளவு எடுங்கள். எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்று நிமிடத்தில் ஒன்று. நிற்கும்போது மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ, கீழ் அளவு 10 இறங்கினாலோ, காரணம் ஏறக்குறைய கையில் கிடைத்த மாதிரிதான். காலையிலும் படுக்கப் போகும் முன்பும் இப்படி மூன்று நாள் எடுத்து, தாளில் எழுதி, மருந்து எழுதிக் கொடுத்த டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். தினமும் போட்டுவரும் அல்பிரசோலத்தை ஒரே நாளில் விட்டால் அதுவே வேறு தொந்தரவைக் கொண்டுவரும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அப்புறம் புத்தூர் கட்டு. நம் பக்கத்தில் கை முறிந்தால் உடனே வண்டி புத்தூருக்குப் போகும், அது எனக்குத் தெரியும். கை சேர்ந்தது நல்லது. ஆனால் நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு உடைந்தது என்றால் எலும்பு மெலிந்திருக்கிறது என்று அர்த்தம். கட்டு அதைச் சொல்லாது. எலும்பு அடர்த்தி ஸ்கேன், வைட்டமின் டி, கால்சியம் எல்லாம் பார்த்து மருந்து தொடங்க வேண்டும். ஆண்களுக்கு இந்தப் பிரச்சினை வராது என்று பலர் நினைப்பதால் இது தவறிப்போகிறது. அடுத்த முறை உடைவது இடுப்பாக இருக்கக் கூடாது. அப்படி விழுந்து, காலை ஊன்ற முடியாமல், கால் குட்டையாகவோ வெளிப்பக்கம் திரும்பியோ தெரிந்தால், தூக்கி உட்கார வைக்காதீர்கள், கட்டுக்கும் கூட்டிப் போகாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

இன்னொன்று மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. விழுந்த பிறகு நடக்கவே விடவில்லை என்கிறீர்கள். பிரியத்தில் செய்தது; ஆனால் அது அவரை இன்னும் விழ வைக்கும். வாழ்நாள் முழுக்க ஊர் ஊராகச் சைக்கிள் மிதித்துத் தபால் கொடுத்த கால்கள் அவை. உட்கார வைத்தால் சில வாரத்திலேயே தொடைச் சதை கரைய ஆரம்பித்துவிடும். காலையும் மாலையும் தெருமுனை வரை ஒரு துணையோடு நடக்கட்டும். கையில் பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் பத்துத் தடவை, ஒரு நாளைக்கு இரண்டு வேளை செய்யட்டும். நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார அவருக்கு எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். 12 நொடிக்கு மேல் ஆனால் பிசியோதெரபி வேண்டும். தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021-இல் தொடங்கியதிலிருந்து பி.பி., சர்க்கரை மாத்திரைகளோடு பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகிறது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள்.

அந்த இருபது அடி

இந்த முறை போனால் ஒரு காரியம் செய்யுங்கள். ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து, நைனாவின் கட்டிலிலிருந்து அவர் போகும் வழியிலேயே நீங்கள் தோட்டம் வரை நடந்து பாருங்கள். ஸ்விட்ச் எங்கே இருக்கிறது, எதைப் பிடித்துக்கொள்ளத் தோன்றுகிறது, எங்கே கால் தடுமாறுகிறது என்று உங்களுக்கே தெரியும். கேமரா இதைச் சொல்லாது.

அதற்கு முன்னால், ராத்திரி அவர் தோட்டத்துக்குப் போகவே தேவையில்லாமல் செய்ய முடியும். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு யூரின் கேன். மூடி போட்ட பிளாஸ்டிக் கேன்தான், மெடிக்கலில் கிடைக்கும். முதலில் கூச்சப்படுவார். மகள் சொன்னால் இன்னும் கூச்சப்படுவார். டாக்டர் சொல்லச் சொன்னார் என்று என் பெயரில் சொல்லுங்கள், அல்லது அண்ணன் பேசட்டும். எழும்போது கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, கால் பாதத்தை நாலு தடவை ஆட்டிவிட்டு எழ வேண்டும். இது பழக்கமாக ஒரு மாதம் ஆகும்.

படிக்கு வருவோம். இரண்டு பக்கமும் கைப்பிடிக் குழாய் வேண்டும். உங்கள் ஊர் வெல்டிங் பட்டறையிலேயே செய்து தருவார்கள். குழாய் ஒன்றேகால் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலத்துக்குள் இருந்தால்தான் வயதானவர் விரல் சுற்றிப் பிடிக்கும். அழகுக்காகத் தடிமனாகப் போட்டால் பிடி நிற்காது. உயரம் ஏறக்குறைய மூன்று அடி. கழிவறைச் சுவரிலும் ஒரு பிடி வேண்டும். துண்டு மாட்டும் கம்பி அதற்கு ஆகாது. ஆள் பாரத்துக்குக் கையோடு வந்துவிடும். உங்களுடையது பழைய சுண்ணாம்புச் சுவர் என்பதால் கொத்தனாரை வைத்து உள்ளே நன்றாகப் பதிக்கச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு படியின் விளிம்பிலும் மஞ்சள் பெயின்ட் அடியுங்கள். நிலைப்படிக்கு மஞ்சள் பூசுகிற ஊர்க்காரர்கள் நாம், அந்த நிறம் அரை இருட்டிலும் கண்ணில் படும். படியிலும் நடையிலும் ராத்திரி முழுக்க எரியும் சின்ன விளக்கு, அது இன்வெர்ட்டர் லைனில் இருக்கட்டும். கல்லில் பாசி பிடிக்காமல் வாரம் ஒரு முறை தேய்க்க ஆள் வையுங்கள். தேய்ந்த ஹவாய் செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, பின்பக்கம் வார் வைத்த செருப்பு வாங்கிக் கொடுங்கள்.

கழிவறைக் கதவு உள்பக்கமாகத் திறக்கிறதா? அப்படியென்றால் உள்ளே விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும், வெளியிலிருந்து யாரும் போக முடியாது. தச்சரைக் கூப்பிட்டு வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள். உள் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி ஒன்று போடுங்கள். நான் பார்த்த வீடுகளில் கைப்பிடி போட்டவர்கள்கூட இதை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

கையில் பணம் இருந்தால், படுக்கையறையை ஒட்டி உள்ளேயே ஒரு மேற்கத்திய கழிவறை கட்டுவதுதான் நிரந்தர வழி. வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு ஊரில் இரண்டு பேரை வைத்துப் பார்க்கும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவரை அம்மாவுக்கு, இருக்கிற கழிவறை மேலேயே வைக்கக் கூடிய கமோடு நாற்காலி போதும். அந்த முழங்காலோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுவது அவருக்குச் சித்திரவதை. அதனால்தான் தண்ணீரையே குறைத்துக்கொள்கிறார் என்று நினைக்கிறேன். “அம்மா சொம்பு தண்ணிகூட குடிக்கிறதில்ல” என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். வேலூர் வெயில் சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டும். வயதானால் தாகமும் சரியாகத் தெரியாது. தண்ணீர் குறைந்தால் சிறுநீரில் கிருமி சேரும். சர்க்கரை இருப்பவருக்கு அது சீக்கிரம் வரும், வந்தால் புத்தியும் தடுமாறும். கழிவறையை வசதியாக்கினால் அவர் தண்ணீர் குடிப்பார்.

அம்மாவின் மறதி

“வயசானா மறதி சகஜம்தானே” என்று இதைக் கடந்து போயிருக்கிறீர்கள். கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது இந்த இடம்தான். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது சகஜம். கொடுத்த பணத்தை மறுபடி கொடுப்பதும், அடுப்பை மறப்பதும் பரிசோதிக்க வேண்டிய மறதி.

பயப்படுவதற்கு முன்னால் சரி செய்யக் கூடிய காரணங்களைப் பார்த்துவிட வேண்டும். அம்மா பல வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறார். அது வைட்டமின் பி12-ஐக் குறைக்கும். பி12 குறைந்தால் மறதியும் கால் மரத்துப்போவதும் வரும். தைராய்டு பார்க்க வேண்டும். காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். காதில் விழாததை மறந்ததாக நாம் எடுத்துக்கொள்வதுண்டு. மனச்சோர்வும் மறதி வேஷத்தில் வரும். கூடவே சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையும் போடுகிறார். மாதா மாதம் கிருத்திகை விரதம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வெறும் வயிற்றில் அந்த மாத்திரையைப் போட்டால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். வியர்வை, நடுக்கம், குழப்பம் எல்லாம் வரும். பால் பொங்கிய அந்த இரண்டு நாளும் என்ன நாள் என்று காலண்டரில் பாருங்கள். விரதத்தை விடச் சொல்லி அவர் மனதை நோகடிக்க வேண்டாம். அன்றைக்கு மாத்திரையை என்ன செய்வது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பாலும் பழமும் எடுத்துக்கொள்கிற விரதமாக மாற்ற முடியுமா என்று அவரிடமே கேளுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

வேலூர் சி.எம்.சி.யில் முதியோர் மருத்துவத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காட்டலாம். இருவரையும் ஒரே நாளில் கூட்டிப் போங்கள், எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். பத்து வருடத்து மாத்திரைகள் ஒரே மேஜைமேல் கொட்டப்படும்போதுதான் எது தேவை, எது வேண்டாம் என்று தெரியும்.

அதுவரை அடுப்படியில்: பால் காய்ச்ச, தானே அணையும் மின்சார அடுப்பு. வெளியே போகும்போதும் படுக்கும்போதும் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடும் வேலை நைனாவுக்கு. காஸ் வாசனை வந்தால் ஸ்விட்சைத் தொடாமல் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-ஐக் கூப்பிட வேண்டும் என்று சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். பால்காரருக்கு இனி ஒரு நோட்டு, அதில் அவரே கையெழுத்துப் போடட்டும்.

கேமரா

படுக்கையறைக் கேமராவைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். நைனா துண்டு போட்டு மூடியது நியாயம். வேட்டி மாற்றும் அறையில் மகன் பார்க்கிறான் என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? அது விழுவதைத் தடுக்காது, விழுந்தவரைத் தூக்கவும் வராது. பெங்களூரிலிருந்து உங்கள் ஊர் வெகு தூரம். நீங்கள் திரையில் பார்த்துப் பதறலாம், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சாவி இருந்தால் அவர் இரண்டு நிமிடத்தில் உள்ளே போவார். காலை ஏழு மணிக்கு நீங்கள் ஒரு போன், ராத்திரி எட்டு மணிக்கு அண்ணன் ஒரு போன். எடுக்கவில்லை என்றால் அக்காவுக்கு. நைனா மொபைலைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளட்டும், கழிவறைக்குப் போகும்போதும். தலையில் அடிபட்டு, அவர் ஆஸ்பிரின் போல ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாலும் அன்றே காட்ட வேண்டும்.

பகலில் நாலு மணி நேரம் துணைக்கு ஒருவரை ஊரிலேயே பாருங்கள். சம்பளத்தை அண்ணனும் நீங்களும் சரிபாதியாகப் போட்டு, கணக்கை இருவரும் பார்க்கிற மாதிரி வையுங்கள். பல வீடுகளில் அண்ணன் தங்கை மனஸ்தாபம் தொடங்குவது இந்த இடத்தில்தான். முதியவர்களுக்கு ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. ரேஷன் கடையில் கேளுங்கள். முதியோருக்கான உதவி எண் 14567-ஐயும் நைனாவின் போனில் போட்டு வையுங்கள்.

பிரிப்பது பற்றி

எல்லாவற்றையும் விட இதை அழுத்திச் சொல்ல வேண்டும். மாத்திரையை எடுத்துக் கொடுப்பது நைனா. அவர் எழும்போது விழித்துக்கொள்வது அம்மா. ஒருவருடைய கண்ணும் இன்னொருவருடைய காலும் சேர்ந்துதான் அந்த வீடு நடக்கிறது. ஐம்பது வருடமாக ஒன்றாக இருப்பவர்களை, பிள்ளைகளுக்கு வசதி என்று ஆளுக்கொரு ஊரில் வைப்பது சமமான பங்கு மாதிரி தெரியும். அவர்களுக்கு அது தண்டனை. அம்மாவுக்கு இப்போதே நினைவு தடுமாறுகிறது. மொழி தெரியாத ஊர், லிப்ட், எல்லாக் கதவும் ஒரே மாதிரி இருக்கும் அபார்ட்மென்ட். பழகிய வீட்டில் இருட்டிலும் சொம்பு எங்கே என்று அவர் கைக்குத் தெரியும். புது இடத்தில் பாதி மறதி முழு மறதியாகத் தெரியும். பெங்களூர் பாதுகாப்பு என்று நினைக்கிறீர்கள். நீங்களும் உங்கள் கணவரும் வேலைக்குப் போனபின் அம்மா பத்து மணி நேரம் அங்கே தனியாகத்தானே இருப்பார்?

உங்களோடு அவர்கள் வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு. அது முடிந்த கையோடு, மிச்ச கத்திரி வெயிலுக்கு இருவரையும் சேர்த்து மூன்று வாரம் கூட்டிப் போங்கள். வீட்டுச் சாவி நைனாவின் பையிலேயே இருக்கட்டும். பெங்களூர் அவர்களுக்கு ஒத்து வருகிறதா என்று அப்போது தெரியும், உங்களுக்கும் தெரியும்.

வீட்டிலேயே இருக்க முடியாத நாள் வரலாம். அதை இப்போதே, அம்மா தெளிவாக இருக்கும்போதே பேசிவிடுங்கள். ராத்திரியில் அம்மா கதவைத் திறந்து வெளியே போக ஆரம்பித்தால், இத்தனை மாற்றிய பிறகும் நைனா மறுபடி மறுபடி விழுந்தால், ஒருவரை ஒருவர் தூக்கிப் பிடிக்க முடியாமல் போனால், அப்போது என்ன செய்வது என்று நைனாவே சொல்லட்டும். அவர் வாயால் வந்த எல்லையை அவர் மதிப்பார்.

செட்டில்மென்ட் விஷயத்தில் ஒரு வக்கீலைப் பார்க்காமல் கையெழுத்து வேண்டாம். உயிலைக் கடைசி வரை மாற்றி எழுதலாம். பதிவான செட்டில்மென்டை அப்படி நினைத்தபடி ரத்து செய்ய முடியாது. 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எழுதி வாங்கிவிட்டுப் பார்க்காமல் விட்டால் அந்த மாற்றத்தையே செல்லாததாக்க வழி தருகிறது, வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) மனுக் கொடுக்கலாம். ஆனால் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே எழுதப்பட்டிருப்பதுதான் பலம். உங்கள் அண்ணன் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் எலும்பு முறிந்து, பயந்து போயிருக்கும் 79 வயதுக்காரரிடம் வீட்டைக் கேட்பதற்கு இது நேரமில்லை. “வீட்டை எழுதி வாங்கத்தான் வெளியே அனுப்புறாங்க” என்று நைனா நினைத்துவிட்டால், நீங்கள் போடும் கைப்பிடியைக்கூட அவர் பிடிக்க மாட்டார்.

அண்ணனிடம் பேசும்போது இந்தப் பதிலையே படித்துக் காட்டுங்கள். நைனாவின் படுத்த அளவு, நின்ற அளவு, அம்மாவின் பி12, தைராய்டு முடிவு, பால் பொங்கிய தேதிகள் இவற்றை எனக்கு எழுதுங்கள். மாத்திரைகளை எப்படி மாற்றச் சொல்லி உங்கள் டாக்டரிடம் கேட்பது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.